அடுத்த வீட்டு நாயும் ஐம்பது ரூபாய் அபராதமும்

வளர்ப்பு விலங்குக்குப் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராதிருப்பதும், நாயை நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11ஆவது பிரிவின்படி குற்றம் என்பதால், அடுத்த வீட்டு மொட்டைமாடியில் வெயிலில் வாடும் நாய் உரிமையாளரின் சொந்த விவகாரம் மட்டுமன்று. ஆயினும் முதல் குற்றத்துக்கான அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். பராமரிப்பின்மையோ, நீதித்துறை நடுவரின் உத்தரவின்றிக் காவல்துறை தானாகப் புலனாய்வு செய்ய முடியாத, ‘பிடியாணை வேண்டும் குற்றம்’ என்னும் வகையைச் சேர்ந்தது. வழக்கையும் 3 மாதங்களுக்குள் தொடர்ந்தாக வேண்டும்.

ஆகவே அண்டைவீட்டார் தரும் சான்றே இங்கு அடித்தளமாகிறது. மெலிவுக்கு நோயும் முதுமையும் காரணமாகலாம் என்பதால் முதலில் உரிமையாளரிடம் விசாரிப்பதும், நிலைமை மாறாதபோது, துருத்திய விலா எலும்பு, கழுத்துப்பட்டை அறுத்த புண், வறண்ட தண்ணீர்க் கிண்ணம் ஆகியவற்றை மதில் தாண்டாமல் தேதியிட்டுப் படமெடுத்துக் காவல் நிலையத்திலும் கால்நடை பராமரிப்புத் துறையிலும் எழுத்துமூலம் புகார் அளிப்பதும் முறையாகும்.

புகார்தாரரின் அடையாளத்தை அதிகாரிகள் காக்க வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய அபராதத் தொகையை நாடாளுமன்றம் திருத்தாதவரை, அந்தப் புகாருக்கு உரிய வலு கிட்டாது.