"அது அப்படித்தான்" என்று நானும் சொல்லிவிட்டேன்



போன கிழமை உயர்தர ஐசிடி வகுப்பில் ஒரு பிள்ளை போனை நீட்டிக் கேட்டாள்: "சேர், என்ட புரோகிராம் ஒரேயொரு எண்ணத்தான் இன்னொரு ஃபங்ஷனுக்கு அனுப்புது. கம்பைலர் ஏன் ஸ்டாக்கில கேட்காத இடத்தையும் ஒதுக்குது?"

"அது அப்படித்தான் மகள், சிலபஸில் இல்லை" என்றேன். வீட்டுக்கு வந்தும் மனசு உறுத்தியது. தேடிப் படித்தேன்.

32 பிட் இன்டெல் கணினிகளில் முன்பு ஸ்டாக் 4 பைட் எல்லையில் நின்றாலே போதும். 1999இல் பென்டியம் 3 உடன் வந்த எஸ்எஸ்இ கட்டளைகளில் சில, தரவு 16 ஆல் வகுபடும் முகவரியில் இல்லாவிட்டால் புரோகிராமையே விழுத்திவிடும். அதனால் ஜிசிசி கம்பைலர் எல்லோருக்கும் 16 பைட் எல்லையையே பிடிக்கிறது. அனுப்பும் எண்ணுக்கு 4 பைட், திரும்பிவரும் முகவரிக்கு 4 பைட். மிச்சம் குறைந்தது 8 பைட் சும்மா கிடக்கும்.

நம் கலியாண வீட்டுச் சஹனை நினையுங்கள். சஹனுக்கு ஆறு பேர். இரண்டு பேர் வந்தாலும் முழு இடம் விடுகிறோம். அடுத்து யார் வருவார்கள் என்று தெரியாது. கம்பைலருக்கும் அதே நிலைதான். வேறு கோப்பில் இருக்கும் ஃபங்ஷன் உள்ளே என்ன செய்யும் என்று அதற்குத் தெரியாது.

ஆனால் வருகிறவர்கள் யார் என்று தெரிந்தால்? லினக்ஸ் கேர்னலை எழுதுகிறவர்களுக்குத் தெரியும். அதன் சாதாரண கோடில் எஸ்எஸ்இ இல்லை. 32 பிட்டில் ஒரு வேலைக்குக் கிடைக்கும் ஸ்டாக்கும் 8 கிலோபைட் மட்டுமே. ஆகவே கம்பைலரிடம் "4 பைட் போதும்" என்று சொல்லிவிட்டார்கள். காரணம் தெரிந்தவர்கள், தெரிந்தே விதியைத் தளர்த்தினார்கள். தெரியாமல் தளர்த்தினால் புரோகிராம் விழும். தெரியாமல் பின்பற்றினால் இடம் வீணாகும்.

எனவே பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை "ஏன்?" என்றால், "பரீட்சைக்கு வராது" என்று வாயை மூடாதீர்கள். தெரியாவிட்டால் "தெரியாது, தேடிப் பார்ப்போம்" என்று சொல்வதில் நமக்கு ஒரு குறையும் வராது. பாஸ் பண்ணுவதற்கு மனப்பாடம் போதும். ஒரு விதி யாருக்காக வந்தது, எங்கே தேவையில்லை என்று பிரித்தறிய அது போதாது.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளையிடம், வகுப்பின் முன்னால், "நான் சொன்னது பிழை" என்று சொல்லத்தான் போகிறேன், இன்ஷா அல்லாஹ்.