பழி மட்டும் புனேவுக்கா?

குன்னத்துகால், பாறசாலைப் பக்கம் கணினி வரைகலை பயிலும் தமிழ் இளைஞர்கள் 'பிரின்ஸ் ஆப் பெர்சியா' விவகாரத்தைக் கவனிப்பது நல்லது.

2003-ல் கனடாவின் மாண்ட்ரியாலில் உருவாகிப் புகழ் பெற்ற 'சாண்ட்ஸ் ஆப் டைம்' விளையாட்டைப் புதுப்பிக்கும் பொறுப்பை, பிரெஞ்சு நிறுவனமான யூபிசாப்ட் தன் புனே, மும்பை கிளைகளிடம் ஒப்படைத்தது. கிளைகள்தான், ஆனால் மூல விளையாட்டைச் செய்தவர்கள் அல்லர். 2020 செப்டம்பரில் அறிவிப்பு, மறு ஜனவரியில் வெளியீடு என்றார்கள். முன்னோட்டப் படத்தைப் பார்த்த ரசிகர்கள், சித்திரங்கள் பழசாயிருப்பதாக எள்ளி நகையாடினர். 2022-ல் வேலை மாண்ட்ரியாலுக்கே திரும்பிப் போயிற்று. அங்கும் முடியவில்லை, 2026 ஜனவரியில் திட்டமே கைவிடப்பட்டது. அப்படியிருக்க, புனேக்காரர்களுக்குத் திறமை போதாது என்பது என்ன நியாயம்?

ஜப்பானின் கொனாமி, 2001-ல் வந்த தன் 'சைலண்ட் ஹில் 2' விளையாட்டைப் புதுப்பிக்கப் போலந்தின் புளூபர் டீமை அமர்த்தியது. அந்த முன்னோட்டத்துக்கும் வசவுதான். ஆனால் 2022 அக்டோபரில் அறிவித்த விளையாட்டு 2024 அக்டோபரில்தான் கடைக்கு வந்தது. வந்ததும் பாராட்டு மழை! இரண்டு வருஷம் எங்கே, நாலு மாதம் எங்கே?

இனி இத்தகைய வேலையை ஏற்கும் இந்திய ஸ்டூடியோக்கள், பணத்தைப் பேசும்போதே தேதியையும் கறாராகப் பேசிக்கொள்ள வேண்டும்.