மாமாவின் முழங்கை

திங்கட்கிழமை காலை என்றாலே எனக்குக் கொஞ்சம் ஜுரம் அடிக்கிற மாதிரி இருக்கும். ஆபீஸ் போகிறவர்களுக்கு இது புரியும். அப்படிப்பட்ட ஒரு திங்கட்கிழமை, 2024 பிப்ரவரி 5, விடிகாலை ஐந்தே முக்காலுக்கு மாமாவிடமிருந்து போன்.

"மாப்ளே, இன்னிக்கு கிராமி! ஆறரைக்கு ஆரம்பம். உன் போன்ல வரும்ல? எடுத்துட்டு ஓடியா!"

மாமாவை அறிமுகப்படுத்தும் முன் ஊரை அறிமுகப்படுத்திவிடுகிறேன். "ஏற்காடு போயிருக்கேன் சார்" என்று சொல்கிற எல்லோருமே எங்கள் ஊர் வழியாகத்தான் போயிருப்பீர்கள். ஆனால் பார்த்திருக்க மாட்டீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் முதல் வளைவு வருவதற்கு முன்னால், வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழம் வாங்க காரை நிறுத்துவீர்களே... அதுதான் அடிவாரம்.

அந்த எலுமிச்சம்பழக் கடைக்குப் பக்கத்துக் கடை மாமாவுடையது. ஸ்வெட்டர், குல்லா, வேகவைத்த வேர்க்கடலை. முன்னே அவர் தபேலாக்காரர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சேலம் வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களில் அவர் வாசிக்காத கல்யாண மண்டபம் கிடையாது. அப்புறம் ரிதம் பேட் வந்தது. நாலு பேர் வேலையை ஒரு பிளாஸ்டிக் பலகை பார்த்தது. தபேலா பரண் மேல் ஏறியது, மாமா ஸ்வெட்டருக்கு இறங்கினார்.

அன்றைக்கு அவருக்கு ஏன் அவ்வளவு பரபரப்பு என்றால், போட்டியில் 'சக்தி' குழு இருந்தது. 1973-ல் கிட்டார்காரர் ஜான் மெக்லாலினும் ஜாகீர் உசேனும் சேர்ந்து தொடங்கிய குழு. வயலினுக்கு எல்.சங்கர், கடத்துக்கு நம்ம விக்கு விநாயக்ராம். வெள்ளைக்காரன் கிட்டாருக்கு மண்பானை தாளம் போட்டதை அமெரிக்கா வாயைப் பிளந்து கேட்ட காலம் அது. இப்போது புது ஆல்பம் 'திஸ் மொமென்ட்'. நாற்பது வருஷத்துக்கு மேல் இடைவெளி விட்டு ஸ்டுடியோவில் போட்டது. பாட்டுக்கு சங்கர் மகாதேவன், வயலினுக்கு கணேஷ் ராஜகோபாலன், கஞ்சிராவுக்கு செல்வகணேஷ். செல்வகணேஷ் யார்? விக்குவின் பிள்ளை!

டீக்கடை பெஞ்சில் போனை சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பாடினார்கள், ஆடினார்கள், அழுதார்கள். டெய்லர் ஸ்விஃப்ட் வந்தார், கைதட்டினார், எழுந்தார், உட்கார்ந்தார். கேமரா அவரை விட்டு நகரவில்லை. எட்டு மணி ஆயிற்று. எட்டரை ஆயிற்று. சக்தியைக் காணோம்.

"கடைசியா வெச்சிருப்பான் மாப்ளே. பெரிய வித்வானைக் கடைசிலதானே உட்கார வைப்பாங்க?"

நான் பஸ்ஸைப் பிடித்து ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். ஒரு மணி நேரம் லேட். பக்கத்து சீட் பையன் சாவகாசமாகச் சொன்னான்: "சக்திக்கா? அதெல்லாம் நீங்க எந்திரிக்கிறதுக்கு முந்தியே குடுத்து முடிச்சுட்டாங்க சார்!"

விஷயம் இதுதான். அந்த வருஷம் கிராமியில் 94 பிரிவுகள். ராத்திரி டி.வி.யில் மினுக்கலோடு கொடுத்தது பத்தை ஒட்டித்தான். பாக்கி எல்லாவற்றையும் மத்தியானமே பக்கத்தில் இன்னொரு அரங்கத்தில் மளமளவென்று கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு மத்தியானம் பன்னிரண்டரை என்றால் நமக்கு ராத்திரி இரண்டு மணி. ஜாஸ், கிளாசிகல், நம்ம ஊர் சங்கீதம் அடங்கிய 'குளோபல்' பிரிவு எல்லாம் அந்த மத்தியானக் கூட்டத்தில்தான். இன்டர்நெட்டில் பார்க்கலாம். நமக்குத்தான் தெரியவில்லை.

சக்தி ஜெயித்துவிட்டது. மேடையில் சங்கர் மகாதேவன் மனைவிக்கு நன்றி சொன்னார். (என் மனைவி அதை யூடியூபில் மூன்று தடவை பார்த்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தாள்.) ஏ.ஆர்.ரஹ்மான் ஜெயித்தவர்களோடு செல்ஃபி எடுத்துப் போட்டார். ஜாகீர் உசேனுக்கு அன்றைக்கு மட்டும் மூன்று கிராமி. ஒரே ராத்திரியில் மூன்று வாங்கிய முதல் இந்தியர். அவ்வளவும் டி.வி. கேமரா ஆன் ஆவதற்கு முன்னாலேயே!

சாயந்திரம் போய்ச் சொன்னேன். மாமா கோபப்படுவார் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"மேளக்காரனுக்குக் கடைசிப் பந்தி மாப்ளே. எந்த ஊரானா என்ன? ஆனா பாரு, அப்பன் பேரு ஒரு கிராமில, புள்ள பேரு ஒரு கிராமில!"

அதுவும் உண்மைதான். 1992-ல் மிக்கி ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தது. அதில் கடம் வாசித்தவர் விக்கு. உலக இசை ஆல்பத்துக்கென்று கொடுக்கப்பட்ட முதல் கிராமியே அதுதான். முப்பத்திரண்டு வருஷம் கழித்துப் பிள்ளை.

மாமாவின் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. எங்கள் தெருவில் அதற்கு 'முழங்கைச் சம்பவம்' என்று பெயர்.

தொண்ணூறுகளின் நடுவில், சென்னையில் ஒரு டி.வி. சேனல் இசைக்கு விருது கொடுக்கிற விழா நடத்தியது. எந்த சேனல் என்று வேண்டாம். மேடை ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒரு தபேலா குறைந்தது. யாரோ சொல்லி மாமாவுக்கு அழைப்பு. புது சில்க் ஜிப்பா தைத்துக்கொண்டு, தபேலாவை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு ஏற்காடு எக்ஸ்பிரஸில் கிளம்பினார். வழியனுப்பப் பதினோரு பேர் சேலம் ஜங்ஷன் போயிருந்தோம். எனக்கு ஒரு ஐஸ்கிரீம் கிடைத்தது.

ஒளிபரப்பு மூன்று வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை. தெருவில் கலர் டி.வி. இருந்த ஒரே வீட்டில் ஜமுக்காளம் விரித்து முப்பது பேர். மாமா நடுவில் நாற்காலியில், அதே ஜிப்பாவில்! அத்தை பக்கத்தில் பட்டுப்புடவை.

கேமரா பாடகரைக் காட்டியது. பாடகி கம்மலைக் காட்டியது. முன்வரிசை நடிகை சிரித்ததைக் காட்டியது. அவர் கொட்டாவி விட்டதையும் காட்டியது. ஸ்பான்சர் போர்டை நிமிஷத்துக்கு ஒருதரம் காட்டியது. யாரோ ஒரு கைக்குழந்தை தூங்குவதைக்கூட அரை நிமிஷம் காட்டியது. இரண்டரை மணி நேரம் ஓடி, கடைசிப் பாட்டுக்கு வந்தபோது, பாடகரின் இடுப்புக்குப் பின்னால் சந்தனக் கலரில் ஏதோ ஆடியது.

"அதோ! நான்தான்!" மாமா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"எங்கே மாமா?"

"முழங்கைடா!"

இரண்டு செகண்ட் இருக்கும். மாசக்கணக்கில் ஊரே விசாரித்தது. "ஏனுங்ண்ணா, முழங்கை சௌக்கியமா?" அத்தைதான் ஒரே வாக்கியத்தில் முடித்தார்: "இவ்வளவு காசு போட்டு ஜிப்பா எதுக்கு? ஒரு கை மட்டும் தெச்சிருக்கலாம்."

டவுனுக்கு பஸ்ஸில் போகும்போது ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு வரும். டி.ஆர்.சுந்தரம் நூறு படத்துக்கு மேல் எடுத்த இடம். இன்று அந்த வளைவு ஒன்றுதான் பாக்கி. இங்கே எடுத்த 'மந்திரி குமாரி' 1950-ல் வந்தது. இசை ஜி.ராமநாதன் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். தாளம் தட்டினவர் யார் என்று கேட்டால்? இளையராஜா ரசிகர்கள் பரவாயில்லை, 'தபேலா பிரசாத்' என்று ஒரு பெயராவது வைத்திருக்கிறார்கள். சூப்பர் சிங்கர் வந்தபிறகு 'மணி அண்ட் பேண்ட்' என்று வாய்விட்டுச் சொன்னார்கள். இருக்கட்டும். நடுவில் போன அறுபது வருஷத்துத் தபேலாக்காரர்கள் எல்லாம் முழங்கைகள்தான்.

2024 டிசம்பர் 15. ஜாகீர் உசேன் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். 73 வயது. செய்தி வந்த மறுநாள் மாமா கடையைத் திறக்கவில்லை. டீக்கடை அண்ணன், "யாருங்ண்ணா அவரு? சொந்தமா?" என்றார். 'வாஹ் தாஜ்' டீ விளம்பரத்தில் சுருட்டை முடியை ஆட்டிக்கொண்டு தபேலா வாசிப்பாரே என்றதும், அண்ணன் பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டார். "அட, நம்ம டீக்காரருங்களா!"

நம்ம ஜனங்கள் பாதிப் பேருக்கு அவர் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தார். ஒரு தபேலாக்காரரை நடுவில் உட்கார வைத்து, முகத்தையும் விரலையும் சேர்த்துக் காட்டிய டி.வி. நிகழ்ச்சி ஒரு டீத்தூள் விளம்பரம்!

2025 பிப்ரவரி 3. மறுபடி திங்கட்கிழமை, மறுபடி கிராமி. இந்தத் தடவை நாங்கள் உஷார். விருதுகள் விடிகாலையிலேயே முடிந்துவிட்டது தெரியும். சென்னையில் வளர்ந்த சந்திரிகா டாண்டன் ஒரு கிராமி வாங்கியதும் தெரியும். ஆறரை மணி ஷோவுக்கு மாமா வந்து உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. அந்த வருஷம் மறைந்த இசைக்கலைஞர்களின் படங்களை ஓடவிட்டு அஞ்சலி செலுத்துவார்கள். குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்திருந்தார்.

கோல்ட்ப்ளே குழுவின் கிறிஸ் மார்ட்டின் பாட, ஒவ்வொரு முகமாக வந்தது. மாமா கையைக் கூப்பியபடி இருந்தார். டீக்கடை அண்ணன் கல்லாவை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். பாட்டு முடிந்தது. ஜாகீர் உசேன் வரவில்லை.

"ஏனுங்க, நம்மாளு?" என்றார் அண்ணன்.

முந்தின வருஷம் அதே கிராமியில் மூன்று வாங்கியவர். இறந்து ஐம்பது நாள்தான் ஆகியிருந்தது. ரசிகர்கள் கொந்தளித்தார்கள். இணையதளத்தில் போட்ட முழுப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது என்றார்கள். இருக்கலாம். சில நிமிஷத்தில் எல்லோரையும் காட்ட முடியாது, நியாயம்தான். ஆனாலும் யாரை விடுவது என்று ஒரு அறையில் உட்கார்ந்து யாரோ முடிவு செய்திருப்பார்களே, அந்த அறையில் ஒருத்தருக்குக்கூட ஜாகீர் ஞாபகம் வரவில்லையா? அண்ணன் கொஞ்சம் சேலத்து வார்த்தைகளைப் பயன்படுத்தினார். பத்திரிகையில் போட மாட்டார்கள்.

மாமா ஒன்றும் சொல்லாமல் கடைக்குப் போய் ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாக மாட்ட ஆரம்பித்தார். நான் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனேன்.

"மாப்ளே, அந்த விழா ஞாபகமிருக்கா?"

"முழங்கைதானே மாமா?"

"அன்னிக்கு என் மைக் ஆன்ல இல்லடா."

எனக்குப் புரியவில்லை.

"பாட்டு பூரா ரெக்கார்டு பண்ணி வெச்சது. பாடகர் மட்டும் மேல பாடுவாரு. ஆர்கெஸ்ட்ரா சும்மா கையை ஆட்டணும். மேடை ஏறுனப்புறம்தான் சொன்னாங்க. நீங்கல்லாம் பார்த்தது என் முழங்கை, கேட்டது வேற எவனோ வாசிச்ச தபேலா. அவன் மூஞ்சி எனக்கும் தெரியாது."

கிட்டத்தட்ட முப்பது வருஷம். அத்தைக்குக்கூடத் தெரியாது என்றார். தெரு பூராவும் கேலி செய்தபோது கூடவே சிரித்துக்கொண்டிருந்த மனுஷன். சிரிப்பு முழங்கையோடு போகட்டும், மைக் வரை வரவேண்டாம் என்று இருந்திருக்கிறார்.

"அப்ப நீங்க வாசிக்கவே இல்லையா மாமா?"

"யாரு சொன்னது? வாசிச்சேன். அவங்க சும்மா ஆட்டுங்கன்னாங்க, நான் ஒரு அட்சரம் விடாம வாசிச்சேன். பக்கத்துல கிட்டார்காரப் பையனுக்கு மட்டும் கேட்டுது. 'அண்ணே, ட்ராக்கைவிட இது நல்லாருக்கு'ன்னான்."

அன்றைக்குச் சாயந்திரம் பரணிலிருந்து தபேலா இறங்கியது. தோல் தொய்ந்து கிடந்தது. சின்னச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றித் தட்டித் தட்டி அரை மணி நேரம் சுருதி சேர்த்தார். அப்புறம் குல்லாக் குவியலுக்கு நடுவில் சம்மணமிட்டு வாசிக்க ஆரம்பித்தார். விரல் பழைய வேகத்தில் இல்லை. இரண்டு இடத்தில் தடுக்கியது. அவரே 'ப்ச்' என்று சொல்லிக்கொண்டு மறுபடி பிடித்தார்.

எலுமிச்சம்பழத்துக்காக நின்ற ஒரு காரிலிருந்து பத்து வயசுப் பெண் இறங்கி வந்து, அம்மாவின் போனில் வீடியோ எடுத்தாள்.

"மூஞ்சி வேணாம் பாப்பா, கையை எடு," என்றார் மாமா, வாசிப்பை நிறுத்தாமல்.

முடிந்ததும் போனை நீட்டினாள். எட்டிப் பார்த்தேன். மாமாவின் முகம் திரை முழுக்க, நெற்றி விபூதி முதல் ஷேவ் பண்ணாத தாடை வரை. கை ஒரு இடத்திலும் இல்லை.

மாமா பார்க்கவில்லை. போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"டக்கா கொஞ்சம் இறங்கியிருக்கு, இல்ல மாப்ளே?"

அந்த அம்மா ஒரு ஸ்வெட்டர் எடுத்தார்கள். மாமா ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டு, கடலைப் பொட்டலம் ஒன்றைச் சும்மா கொடுத்தார்.