கட்டுச்சோறும் தவக்குலும்



கடந்த தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மஃரிபுக்குச் சற்று முன், என் மகனும் அவனுடைய தோழர்கள் மூவரும் உத்தனப்பள்ளியிலுள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து விழுந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்று எழுத மனம் வரவில்லை. உதடு வெடித்து, முகம் கறுத்து, பேச நாவெழாமல் கிடந்தார்கள்.

ஒசூரிலிருந்து ஒகேனக்கல் வரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரத்தை நடந்தே கடப்பது என்று நால்வரும் தீர்மானித்திருந்தார்கள். ஆலைகளில் ஷிஃப்டு வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து விடுப்புக் கிடைக்காது. எனவே விடுமுறை நாள்தோறும் ஒரு பகுதியாக நடப்பது, விட்ட இடத்திலிருந்து அடுத்த முறை தொடர்வது என்று ஏற்பாடு. முதற்பகுதி ஒசூரிலிருந்து எங்கள் ஊர் வரை. ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் புறப்பட்டவர்கள் லுஹருக்கு முன் வந்திருக்க வேண்டும்.

ராயக்கோட்டைச் சாலையில் லாரிகளும் தூசியும் அதிகம் என்று சானமாவுக் காட்டோரப் பாதையில் திரும்பியிருக்கிறார்கள். யானைக் கூட்டம் நிற்கிறது என்று வனக்காவலர் ஒருவர் வழிமறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். போன தூரமெல்லாம் மீண்டும் நடந்தாயிற்று. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. "வழியில் கடை இருக்கும்" என்பதே அவர்களுடைய உணவுத் திட்டம். மாறிய வழியிலோ கடையில்லை. ஒருவன் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். ராகி அறுத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் தமக்கென்று கொண்டுவந்திருந்த களியையும் அவரைக்கொட்டைக் குழம்பையும் நால்வருக்கும் பங்கிட்டுக் கொடுத்து, குடத்துத் தண்ணீரையும் தந்திருக்கிறார்.

"கையில் ஒரு பொட்டலம்கூட இல்லாமல் ஏனப்பா கிளம்பினீர்கள்?" என்று கேட்டேன். "அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்துத்தான் கிளம்பினோம், அத்தா" என்றான் என் மகன்.

அந்த விடை பல நாள் என்னை உறுத்தியது. என் மகன் தவக்குல் வைத்ததாகச் சொன்ன அந்நாளில், அவனுடைய பசியைச் சுமந்தவர் வெயிலில் அறுவடை செய்துகொண்டிருந்த ஓர் ஏழைப் பெண்மணி. அவர் அன்று மதியம் என்ன உண்டார் என்பதை நால்வரில் எவரும் கேட்கவில்லை.

இது புதிய தவறன்று. யமன் நாட்டிலிருந்து ஹஜ்ஜுக்கு வந்த சிலர், தாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்று கூறிக்கொண்டு உணவில்லாமலே புறப்பட்டு வருவார்கள். மக்கா வந்ததும் பிறரிடம் கேட்டு உண்பார்கள். அந்தச் சூழலில்தான் பயணத்துக்கு வேண்டிய உணவை எடுத்துக்கொள்ளுமாறும், உணவிலெல்லாம் மேலானது இறையச்சமே என்றும் அறிவிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் அருளப்பட்டது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்திருப்பது ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. வசனத்தின் பிற்பகுதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். முற்பகுதி கட்டளை என்பதை மறந்துவிடுகிறோம்.

நபி (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்தை இந்தக் கண்கொண்டு பாருங்கள். மதீனா மக்காவுக்கு வடக்கே இருக்க, அவர்கள் முதலில் சென்றதோ தெற்கேயுள்ள ஸவ்ர் குகைக்கு. அங்கே மூன்று இரவுகள் தங்கினார்கள். அஸ்மா (ரலி) தம் இடுப்புக் கச்சையைக் கிழித்து உணவுப் பையின் வாயைக் கட்டினார். ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரலி) ஆடுகளை ஓட்டிவந்து இரவில் பால் கொடுத்தார். அப்துல்லாஹ் இப்னு அபூபக்ர் (ரலி) பகலில் ஊருக்குள் கேட்ட செய்திகளை இரவில் கொண்டுவந்து சேர்த்தார். வழிகாட்ட அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் இப்னு உரைகித் அன்று முஸ்லிமாகக்கூட இருக்கவில்லை. பாதையை நன்கறிந்தவர், நம்பிக்கைக்குரியவர் என்பதே தகுதியாயிற்று. மூன்று இரவுகள் கழித்து அவர் ஒட்டகங்களுடன் வந்து, கடலோர வழியாக அழைத்துச் சென்றார். உணவு, செய்தி, வழிகாட்டி, மாற்றுப் பாதை என ஒன்றும் விடுபடவில்லை. தவக்குலின் உச்சத்தில் நின்றவர்கள் செய்த ஏற்பாடு இது.

நம் வாசலில் கிடக்கும் சாலையும் இதையே சொல்கிறது. 1791 மே மாதத்தில், திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடிக்கப் பெங்களூரிலிருந்து புறப்பட்ட கார்ன்வாலிஸ், இன்று கனகபுரா எனப்படும் காங்கன்ஹள்ளி வழியைத் தேர்ந்தார். அவ்வழியில் தானியமோ தீவனமோ எஞ்சாதவாறு சுல்தானின் ஆட்கள் முன்கூட்டியே அழித்துவிட்டிருந்தார்கள். பட்டினியில் வண்டிமாடுகள் மடிந்தன. கோட்டைக்கு அருகே சென்றும், தன் பெரும் பீரங்கிகளைத் தானே அழித்துவிட்டு அவர் திரும்ப நேர்ந்தது. அதன்பின் ஜூலையில் அவருடைய படை கைப்பற்றியவை ஒசூரும் ராயக்கோட்டையும். கீழ்நாட்டிலிருந்து தானியம் மேலேறி வரும் கணவாய் வழி திறந்தால்தான் அடுத்த படையெடுப்பு நடக்கும் என்பதை அதற்குள் அவர் உணர்ந்திருந்தார். பெரும்படையையே திருப்பியனுப்பிய பசி நான்கு இளைஞர்களை விட்டுவைக்குமா?

பிள்ளைகளின் நடைப்பயணத்தைத் தடுக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. கைப்பேசியை விட்டு இறங்கி, அல்லாஹ்வின் பூமியைக் காலால் அளக்க விரும்பும் இளைஞனை நாம் ஊக்கப்படுத்த வேண்டும். ஆனால் வீட்டிலுள்ளோர் அவர்களோடு ஒரு மாலை அமர்ந்து சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

முதற்கேள்வி பாதையைப் பற்றியது. ஒவ்வொரு பகுதியும் பேருந்தோ ரயிலோ கிடைக்கும் ஊரில் முடிய வேண்டும். உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை, மாரண்டஅள்ளி, பாலக்கோடு, பென்னாகரம் என்று பிரித்தால், எந்த நாளிலும் நடக்க முடியாதவன் வீடு திரும்பலாம். ராகி விளையும் ஐப்பசி முதல் தை வரை சானமாவுப் பக்கம் யானைகள் வந்து தங்குவதை நம் ஊரில் அறியாதவரில்லை. நிழல் வேண்டுமென்று காட்டுப் பாதையில் இறங்குவது துணிச்சலாகாது. பென்னாகரத்துக்கு அப்பால் சாலை காட்டுக்குள் இறங்குவதால், அங்கே நடக்கலாமா என்பதை வனத்துறையிடம் கேட்டறிந்த பின்பே முடிவு செய்ய வேண்டும். நேர்ச்சாலையில் செல்வோர் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தவாறு வலப்புறமாக, ஒருவர்பின் ஒருவராக நடக்கட்டும்.

இரண்டாவது, உணவு. அன்றைய பகுதிக்கு வேண்டியதோடு ஒரு வேளைக்கான உணவு கூடுதலாகப் பையில் இருக்க வேண்டும். பாதை மாறினால் அதுவே காக்கும். பேரீச்சம்பழம், வறுத்த வேர்க்கடலை, கடலை உருண்டை, சப்பாத்தி, புளிச்சோறு ஆகியவை வெயில் தாங்கும். பிரியாணியைக் கட்டிக் கொடுக்கும் தாய்மார்கள் பொறுத்தருள வேண்டும். அது சுமை, நண்பகலுக்குள் கெட்டும் போகும். நாள் முழுவதும் நடப்பவனுக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீராவது வேண்டும். அத்தனையும் சுமக்க இயலாதாகையால் எந்த ஊரில் நிரப்புவது என்பதை முன்னரே குறித்துக்கொள்ள வேண்டும். வழியிலுள்ள உறவினர் வீட்டிலோ தெரிந்தவர் கடையிலோ முந்தைய நாளே ஒரு பொட்டலத்தைக் கொடுத்து வைப்பது இன்னும் நல்லது. ஹலாலான உணவகம் எங்கே என்று தேடி அலையும் வேலையும் மிச்சமாகும்.

மூன்றாவது, தொழுகை. இருபது கிலோமீட்டர் நடந்து இரவில் வீடு திரும்புகிறவன், மொத்தத்தில் நூறு கிலோமீட்டரை முடித்தாலும் முஸாஃபிர் ஆவதில்லை. ஏறத்தாழ எண்பது கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தை நாடிச் செல்பவருக்கே கஸ்ர் சலுகை என்பது நம்மிடையே உள்ள இரு மத்ஹபுகளின் நிலை. எனவே லுஹர் எந்த ஊரில் என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும். ஐயமிருப்பின் உங்கள் பள்ளி இமாமைக் கேளுங்கள்.

இவ்வளவு கணக்குப் பார்த்தால் பயணத்தின் சுவை போய்விடும் என்று சிலர் சொல்லக்கூடும். எத்தனை கணக்குப் போட்டாலும் மழையும் யானையும் காய்ச்சலும் நம் கணக்குக்குள் அடங்குவதில்லை. தவக்குலுக்கு அங்கே இடம் நிறைய இருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் நம்பிக்கை வைக்கச் சொன்ன நபிமொழியின் பொருளும் இதுவே.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஜுபைதா, கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் பாலை வழியில் ஹாஜிகளுக்காக நீர்த்தொட்டிகளும் தங்குமிடங்களும் அமைத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வழி அவர் பெயராலேயே வழங்குகிறது. நம்மால் ஆவது, சாலையோரப் பள்ளிவாசல்களின் வாசலில் ஒரு குடிநீர்த் தொட்டி. நடந்து வருபவன் எந்த மதத்தவன் என்று பாராமல் அவன் தாகம் தீர வேண்டும். களி கொடுத்த அந்த அம்மையாரும் நம் பிள்ளைகளின் மதம் எதுவென்று கேட்கவில்லை.

இரண்டாம் பகுதிக்குப் பிள்ளைகள் சென்ற மாதம் புறப்பட்டார்கள். என் மனைவி புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். நான்கு பேருக்கு ஐந்து பொட்டலம். ஐந்தாவது எதற்கென்று நான் கேட்டேன். "முதலில் அந்தக் கொல்லைக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் ராயக்கோட்டைக்கு நடக்கப் போகிறோம், அத்தா" என்றான் மகன்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கால்களை நல்வழியில் உறுதிப்படுத்துவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.