ஒலிபெருக்கி இல்லாத கணிப்பொறி

“ஆப்பிரிக்காவைப் பாருங்கள். ஒரு செல்பேசி அந்தக் கண்டத்தின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது. நம் கிராமத்தானுக்கு மட்டும் என்ன கேடு? ஆளுக்கொரு கணிப்பொறியைக் கொடுத்துவிட்டால் அவன் பாட்டுக்கு முன்னேறிவிட்டுப் போகிறான்.”

சில ஆண்டுகளுக்கு முன்பு நெய்வேலி புத்தகக் கண்காட்சித் திடலில், வாங்கிய புத்தகங்களைக் காலடியில் வைத்துக்கொண்டு மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த எங்களிடம் நண்பர் ஒருவர் இப்படிச் சொன்னார். சாமானியர் அல்லர், தேர்ந்த வாசகர். நாவலில் ஒரு பாத்திரம் இத்தனை எளிதாகத் திருந்தினால் ஆசிரியரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். கிராமம் என்று வந்தால் மட்டும் அவருக்கு அந்தக் கறார்த்தன்மை காணாமல் போய்விடுகிறது. அன்று பஜ்ஜி ஆறிப்போகும் வரை சண்டை போட்டோம். தீரவில்லை. மிச்சத்தை இங்கே வைக்கிறோம்.

ஆப்பிரிக்காவிலிருந்தே தொடங்குவோம். அது ஓர் ஊரல்ல, 54 நாடுகள் என்பதை நண்பருக்கு முதலில் நினைவூட்ட வேண்டும். அவர் மனத்தில் இருந்தது கென்யாவின் எம்-பெசா. (‘பெசா’ என்பது சுவாகிலியில் பணம், நம்மூர் ‘பைசா’ கடல் தாண்டிப் போய் அங்கே குடியேறிய கதை அது.) சஃபாரிகாம் நிறுவனம் 2007 மார்ச்சில் அதைத் தொடங்கியது. ஆனால் 2005இல் நடந்த முன்னோட்டம் வேறொன்றுக்காக. சிறுகடன் வாங்கியவர்கள் தவணையைச் செல்பேசி வழியே திருப்பிக் கட்டட்டும் என்பதே அப்போதைய திட்டம். மக்களோ தவணை கட்டியதோடு நிற்கவில்லை. ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொள்ள அதைப் பயன்படுத்தினார்கள். அதற்கும் முன்பே உகாண்டா, கானா போன்ற நாடுகளில் செல்பேசியின் பேச்சு நேரத்தையே பணம்போல் ஊருக்கு அனுப்பும் வழக்கத்தைச் சாதாரண மக்கள் தாங்களாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். நிறுவனத்தின் கெட்டிக்காரத்தனம், மக்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைப் பார்த்து அதன் பின்னே போனதில் இருக்கிறது. பட்டணத்துக்குப் பிழைக்கப் போனவன் ஊரிலிருக்கும் தாய்க்குப் பணம் அனுப்ப வேண்டும். தேவை அவனுடையது, வழியும் பாதி அவனுடையது.

இதற்கு நேர் எதிரான கதையும் அதே கண்டத்தில் உண்டு. 2005 நவம்பரில் டூனிஸ் நகரில் நடந்த தகவல் சமூக உச்சி மாநாட்டில் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே நூறு டாலர் மடிக்கணினியை அறிமுகப்படுத்தினார். மின்சாரம் இல்லாத ஊர்ப் பிள்ளைகள் கையால் சுற்றி இயக்கிக்கொள்வதற்கென்று அதில் ஒரு கைப்பிடி. மேடையில் இருந்த கோஃபி அன்னான் ஆசையாகச் சுற்றிப் பார்த்தபோது கைப்பிடி கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. பிறகு உற்பத்தியான கணினியில் அந்தக் கைப்பிடியே இல்லை. விலையும் நூறு டாலரில் நிற்கவில்லை. யாருடைய பிள்ளைகளுக்காக அது செய்யப்பட்டதோ அவர்களின் ஆசிரியரிடம் எவரும் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. நண்பரே, நீங்கள் பஜ்ஜிக் கடையில் பரிந்துரைத்தது எம்-பெசாவை அல்ல, இந்தக் கைப்பிடியை.

ஆப்பிரிக்கா வரை போவானேன்? நெய்வேலியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது வில்லியனூர். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடா நாட்டு நிதியுதவியோடு 1998இல் அங்கே ஒரு மையத்தை அமைத்து, புதுச்சேரிக் கிராமங்களில் ‘அறிவு மையங்களை’த் தொடங்கியது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்ட முயற்சி அது. நம் இலக்கிய இதழ்கள் அதைப் பற்றி எழுதியவை சொற்பம். கணிப்பொறியை இறக்குவதற்கு முன் அவர்கள் செய்த வேலை, இந்த ஊரில் ஒரு செய்தி யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று விசாரித்தது. கடைக்காரர், பக்கத்து வீட்டார், சந்தை என்று விடை வந்தது. அந்த வழிகளை ஒட்டியே மையங்கள் அமைந்தன. இடம் கொடுக்க வேண்டியது ஊரின் பொறுப்பு; அந்த இடத்துக்குள் தலித்துகள் உட்பட எல்லாச் சாதியினரும் வந்துபோக முடிய வேண்டும் என்பது நிபந்தனை. ஊர்ப் பெண்களே பயிற்சி பெற்று நடத்தினார்கள். மின்வெட்டுக்கு ஈடுகொடுக்கச் சூரிய ஒளித் தகடுகளைப் பொருத்த வேண்டியிருந்தது. தென்மாநிலங்களுக்கெல்லாம் மின்சாரம் அனுப்பும் நெய்வேலிக்கு இத்தனை அருகில்! இந்த முரணை எந்தச் சிறுகதையாசிரியரும் புனைந்திருந்தால் ‘செயற்கையாக இருக்கிறது’ என்று நாங்களே எழுதியிருப்போம்.

வீராம்பட்டினம் மீனவர் கிராமம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியாகும் அலை உயரக் கணிப்பை மையத்தில் எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர் காதில் அது விழுந்தது. அவர் கணிப்பொறியைத் தொடவேயில்லை. தொட வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. ‘நம்ம ஊரு செய்தி’ என்று ஒரு தாளும் அச்சிட்டு இந்த மையங்கள் வழியே கொடுத்தார்கள். வங்காள விரிகுடாவின் அலையைப் பசிபிக் கடலுக்கு அப்பாலுள்ள ஒரு படைத்துறை கணிக்கிறது. அந்த எண் ஒரு பெண்ணின் குரலாக மாறி உப்புக்காற்றில் வந்து சேர்கிறது. தொழில்நுட்பம் என்று நாங்கள் ஒப்புக்கொள்வது இந்த மொத்தச் சங்கிலியையும்தான்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் நல்லவாடு கிராமத்தில் நடந்ததும் பலருக்குத் தெரிந்திருக்கும். சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர், கடல்கோள் செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டு வீட்டுக்குத் தொலைபேசினார். செய்தி மையத்துக்கு ஓடியது, ஒலிபெருக்கி அலறியது, ஊர் கடலை விட்டு விலகி ஓடியது. ஏறத்தாழ 500 குடும்பங்கள் உயிர் தப்பின. அன்று காப்பாற்றியது கணிப்பொறி அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த ஒலிபெருக்கி சொன்னால் நம்பலாம் என்று ஆறேழு ஆண்டுகளில் ஊருக்குப் பழகியிருந்தது. அந்தப் பழக்கத்தை எந்த ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குவது?

எல்லாமே இப்படிப் பலித்துவிடவில்லை. 2001இல் மேலூர் வட்டாரத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தோடு, ஹார்வர்டு, எம்.ஐ.டி. பங்கேற்போடு தொடங்கிய இணையக் கூடங்களில் பல, சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. அங்கிருந்து அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணின் படத்தை அனுப்பி ஆலோசனை பெற்றது போன்ற நல்ல காரியங்களும் நடந்தன. ஆனால் கூடம் தன் வருமானத்தில் தானே பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று விதித்துவிட்டு, பிழைக்காதபோது ‘கிராமத்தில் தேவை இல்லை’ என்று முடிவு கட்டுவது எந்த ஊர் நியாயம்? நூலகம் லாபம் ஈட்டவில்லை என்று யாரும் மூடச் சொல்வதில்லையே (சொல்லும் காலமும் வரலாம்).

இன்று ஊருக்கு ஊர் இ-சேவை மையம் இருக்கிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா என்று எத்தனையோ அலைச்சலை அது குறைத்திருக்கிறது, மறுக்கவில்லை. சுரங்கத்தின் விளிம்பில் இருக்கும் ஒரு கிராமத்தில் அப்படியொரு மையத்தின் வாசலில் ஒரு மதியம் நின்றோம். முந்திரிக் கொட்டை உடைத்து உடைத்து ரேகை தேய்ந்துபோன விரல்களை ஒரு மூதாட்டி மறுபடியும் மறுபடியும் அந்தச் சிறு கண்ணாடியில் அழுத்திக்கொண்டிருந்தார். “கெழவி நாந்தான்னு இதுக்கு எப்பிடிப்பா சொல்றது?” என்றார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அவரைப் பற்றிய எல்லாத் தகவலையும் கணிப்பொறி கேட்கிறது: பெயர், விரல், விழி, நிலத்தின் அளவு. அவருக்குத் தெரிந்தாக வேண்டிய ஒன்றையாவது அது சொல்கிறதா? எங்கள் வாதம் முழுவதும் இந்த ஒரு கேள்விதான். தகவல் எந்தத் திசையில் ஓடுகிறது?

நெய்வேலியைச் சுற்றி இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் தென்பட்டது. 1956இல் நிறுவனம் உருவானது. கிராமங்கள் இடம்பெயர்ந்தன, இன்னும் பெயர்ந்துகொண்டிருக்கின்றன. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் மூழ்காமல் இருக்கும். ஆகவே எந்தத் தலைமுறையும் அங்கே நிலத்தடி நீரைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை. 2023 ஜூலையில் மேல்வளையமாதேவியில் பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காகக் கதிர்விட்ட நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின. அந்தக் காட்சி சற்று நேரத்தில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு செல்பேசிக்கும் போய்ச் சேர்ந்தது. எப்போதோ கையகப்படுத்தி இழப்பீடும் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். போதவில்லை, சமமாகவும் இல்லை என்றார்கள் உழவர்கள். உயர்நீதிமன்றம் வரை போய், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று ஆனது. படம் ஒரு மணி நேரத்தில் பரவுகிறது. எந்தப் புல எண் எந்த ஆண்டு எடுக்கப்பட்டது, யாருக்கு எவ்வளவு தரப்பட்டது, வேலை வாக்குறுதி என்ன ஆயிற்று, இந்த மாதம் நீர்மட்டம் எத்தனை அடி என்கிற விவரங்கள் அந்த வேகத்தில் பாதியாவது ஊருக்குள் வந்திருந்தால், வயலில் இயந்திரம் இறங்குவதற்கு முன்பே பேச வேண்டியதைப் பேசியிருக்கலாம்.

இது தாராள மனத்தை எதிர்பார்க்கிற வேண்டுகோள் அல்ல. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நான்காம் பிரிவில், கேட்பதற்கு முன்பே தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. உள்ளூர் மொழியையும் அந்த வட்டாரத்துக்கு ஏற்ற தகவல் தொடர்பு முறையையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. ஒலிபெருக்கி அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அரசு ஆவணங்கள் பலவும் இன்றைக்கும் தேட முடியாத வருடிய படங்களாகவே இணையத்தில் ஏற்றப்படுகின்றன. படமாக இருக்கிற தமிழில் தன் ஊர்ப் பெயரைக்கூட ஒருவர் தேட முடியாது. எழுத்துருக் குழப்பத்தில் பத்தாண்டு காலம் அடித்துக்கொண்டு, 2010இல் ஒருங்குறியை அரசு ஏற்றபிறகும் இதே நிலை என்றால், அதைத் தொழில்நுட்பக் குறைபாடு என்று எங்களால் நம்ப முடியவில்லை.

“இணையத்தில் உட்கார்ந்துகொண்டே கணிப்பொறியைத் திட்டுகிறீர்களே” என்பது நண்பரின் கடைசி அம்பு. நாங்கள் திட்டவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்குமுள்ள தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சிட்டுத் தந்த நூல்களில்தான் எங்களில் சிலர் சங்கப் பாடல்களையே முதலில் படித்தோம். தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்ட சமூகத்தின் வேலை அது. கண்மணி குணசேகரன் 2007இல் ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யைக் கொண்டுவந்தார். செம்மண், முந்திரி, பலா என்று இந்த மண்ணின் சொற்களைத் தனி ஒருவராகச் சேர்த்தார். நிலத்தடி நீர் பற்றிய ஓர் அறிக்கை அந்தச் சொற்களில் எழுதப்பட்டால் கம்மாபுரத்தில் எல்லோருக்கும் புரியும். அறிக்கைத் தமிழில் எழுதினால் எங்களுக்கே இரண்டாம் வாசிப்பு தேவைப்படும்.

யார் நடத்துவது என்று கேட்டார். வில்லியனூரைச் சுற்றிய ஊர்களில் யார் நடத்தினார்களோ அவர்களைப் போன்றவர்களே. பாலிடெக்னிக் முடித்து, வேலை கிடைக்காமல், மந்தாரக்குப்பத்தில் நகலெடுக்கும் கடையில் நிற்கும் பெண்களை அவர் பார்த்ததில்லையா? பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார். அடுத்த சந்திப்பில் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார், காத்திருக்கிறோம்.