டியூஷன் முடிய பத்து மணி, பிள்ளை சாப்பிடுவது எப்போது?



பாடசாலைக்கு வரும் உம்மாமார் எங்களிடம் சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் இதுதான்: "சேர், காலையில ஒரு வாய் சாப்பிடுறான் இல்ல. ராவையில மட்டும் கொத்து ரொட்டி கேக்கிறான். நீங்க கொஞ்சம் சொல்லுங்க." நாங்களும் சொல்கிறோம். பயனில்லை. எங்கள் பார்வையில் இது சாப்பாட்டுப் பிரச்சினை அல்ல, தூக்கப் பிரச்சினை.

கிண்ணியாவிலோ மூதூரிலோ சாதாரண தரம் படிக்கும் ஒரு பிள்ளையின் நாளைப் பாருங்கள். 7.30க்குப் பாடசாலை, 1.30க்கு விடும். பின்னேரம் ஒரு வகுப்பு, இஷாவுக்குப் பிறகு இன்னொன்று. பத்து மணிக்கு வீடு வந்துதான் வயிறு நிறையச் சோறு. பிறகு ஃபோன். பன்னிரண்டரைக்குப் படுத்த பிள்ளையை ஐந்து மணிக்கு சுபஹுக்கு எழுப்புகிறோம். அந்த வயிற்றில் எப்படிப் பசி இருக்கும்? இடைவேளை மணி அடித்ததும் கண்டீனில் ரோல்ஸுக்கு முண்டியடிப்பதும் அதே பிள்ளைதான்.

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் தேவை என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம். 2004இல் வெளிவந்த சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணித்தியாலம் மட்டும் படுக்க விட்டார்கள். நம் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் மூத்தவர்கள்தான். பத்து மணித்தியாலம் படுத்த நாட்களோடு ஒப்பிட, 'போதும்' என்று சொல்லும் லெப்டின் 18 வீதம் குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 வீதம் கூடியது. அவர்கள் அதிகம் ஆசைப்பட்டதும் இனிப்பு, உப்பு, மாச்சாப்பாடு.

ஆய்வை விடுங்கள். நோன்பு முடிந்து சில நாட்களுக்கு சஹர் நேரத்தில் நமக்கே பசிக்கிறதே! நாம் பழக்கிய நேரத்துக்குத்தான் வயிறு கேட்கும்.

இரவு வகுப்பு நடத்துவது வேறு யாருமல்ல, ஆசிரியர்களாகிய நாங்கள்தான். ஒருவர் மட்டும் நிறுத்தினால் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடும் என்ற பயம் எங்களுக்கும் இருக்கிறது. வருமானமும் அதில் இருக்கிறது, மறைப்பானேன்? ஆனாலும் அடுத்த மாதம் முதல் எங்கள் கடைசி வகுப்பை மஃரிபுக்கு முன் முடிக்கிறோம். பெற்றோரே, எட்டு மணிக்குள் சோற்றைக் கொடுத்து, ஒன்பதரைக்கு ஃபோனை வாங்கி வையுங்கள். இந்த வயதில் தூக்கம் பிந்தித்தான் வரும், அதனால் லுஹருக்குப் பின் அரை மணித்தியாலம் படுக்கவும் விடுங்கள்.

மற்ற சேர்மார், டீச்சர்மார் என்ன சொல்கிறீர்கள்? ஊரோடு சேர்ந்து ஒரு நேரம் வைப்போமா?