எந்தக் கிருமி?

வானொலியில் சுகாதாரச் செய்தி சொல்லும்போது எனக்கு அதிகம் கைகொடுக்கும் சொல் ‘கிருமி’. கொவிட்-19 காலத்தில் ‘கிருமித்தொற்று’ என்று சொல்லாத நாளே இல்லை. சின்னச் சொல், நேயர்களுக்கு உடனே புரியும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை என எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கிறோம். நுண்ணுயிரியலில் இவை வெவ்வேறு பிரிவுகள். இவற்றுக்கான மருந்தும் ஒன்றல்ல.

டெங்கியை எடுத்துக்கொள்வோம். 2020ல் சிங்கப்பூரில் 35,000க்கும் அதிகமானோருக்கு டெங்கி வந்தது. அதுவரை எந்த ஆண்டிலும் அத்தனை பேரை அது பாதித்ததில்லை. டெங்கிக்குக் காரணம் ஒரு வைரஸ். வைரசால் தானாகப் பெருக முடியாது. நம் உயிரணுவுக்குள் புகுந்து, அதை வேலை வாங்கித்தான் பெருகும். பாக்டீரியாவுக்கோ சொந்த உயிரணு உண்டு. அதன் சுவர் போன்ற பகுதிகளைத்தான் ஆண்டிபயாட்டிக் மருந்து தாக்குகிறது. வைரசில் அவை இல்லாதபோது மருந்து எதைத் தாக்கும்?

சாதாரணச் சளிக்கும் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். “டாக்டர், ஆண்டிபயாட்டிக் குடுத்திருங்க, சீக்கிரம் வேலைக்குப் போகணும்” என்று கேட்பவர்கள் நம்மில் நிறைய பேர். தேவையில்லாமல் சாப்பிட்டால் நம் உடலிலுள்ள பாக்டீரியாக்கள் அந்த மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். உண்மையிலேயே தேவைப்படும் நாளில் அது கைவிட்டுவிடலாம்.

டெங்கி வைரசில் நான்கு வகை. ஒரு வகை வந்து குணமானாலும் மற்ற மூன்றும் வரலாம். இரண்டாம் முறை வேறு வகை தாக்கினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். ‘எனக்குத்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே’ என்று பூச்சாடித் தட்டில் தேங்கும் நீரைக் கவனிக்காமல் விடக்கூடாது. டெங்கி என்ற சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வேண்டாம். ரத்தக்கசிவு அபாயம் உண்டு.

இதில் ஒரு சுவாரசியமும் இருக்கிறது. 2016 முதல் தேசியச் சுற்றுப்புற வாரியம் வோல்பாக்கியா கொண்ட ஆண் ஏடிஸ் கொசுக்களைக் குடியிருப்புப் பேட்டைகளில் பறக்கவிட்டு வருகிறது. வோல்பாக்கியா ஒரு பாக்டீரியா. அந்த ஆண் கொசுவோடு சேரும் சாதாரணப் பெண் கொசுவின் முட்டைகள் பொரிப்பதில்லை. ஆண் கொசு கடிக்காது. வைரசைப் பரப்பும் கொசுவைக் குறைக்க பாக்டீரியாவின் உதவி! கிருமி என்றாலே எதிரி என்று இனி எப்படிச் சொல்வது?

பூஞ்சையின் கதை வேறு. 2005, 2006ல் இங்கே கான்டெக்ட் லென்ஸ் அணிந்த பலருக்குக் கருவிழியில் ‘ஃபுசேரியம்’ என்ற பூஞ்சை தொற்றியது. மருத்துவர்கள் ஆராய்ந்த 66 நோயாளிகளில் ஒருவரைத் தவிர எல்லாரும் லென்ஸ் அணிந்தவர்கள். பெரும்பாலோர் ஒரே நிறுவனத்தின் கரைசலைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதன் ஒரு வகை 2006 மே மாதம் உலகெங்கும் மீட்டுக்கொள்ளப்பட்டது. பூஞ்சைக்குப் பாக்டீரியா மருந்து உதவாது. வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விட்டால் புண் மோசமாகி, பார்வைக்கே ஆபத்தாகலாம். கண் சிவந்து வலித்தால் லென்சைக் கழற்றிவிட்டு மருத்துவரிடம் போவதே சரி.

பாசியை நாம் கிருமி என்று சொல்வதுகூட இல்லை. கடலில் மிதக்கும் நுண்பாசிகள் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனைத் தருகின்றன. அவையே அளவுக்கு மீறிப் பெருகினால் மீனுக்கு எமன். 2015 பிப்ரவரி கடைசியில் ஜோகூர் நீரிணையின் கிழக்குப் பகுதியில் அதுதான் நடந்தது. அங்குள்ள மிதவைப் பண்ணைகளில் 500 டன்னுக்கு மேல் மீன்கள் செத்தன. பல மாதம் தீனி போட்டு வளர்த்த மீன்களைப் பண்ணைக்காரர்கள் மூட்டை மூட்டையாக அள்ளிப் போட வேண்டியதாயிற்று.

பெயர் தெரிந்தால்தான் மருந்து தெரியும். அடுத்த முறை மருந்தகத்தில் “கிருமித்தொற்று” என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். “டாக்டர், பாக்டீரியாவா, வைரசா, பூஞ்சையா?” என்று கேளுங்கள். தமிழிலும் கேட்கலாம், ஆங்கிலத்திலும் கேட்கலாம். முக்கியமாக, பெற்றோரை அழைத்துச் செல்லும்போது அவர்களுக்காகவும் கேளுங்கள்.